அதிவேக ரயிலும் சிமென்ட் வண்டியும் ஒரே தண்டவாளத்தில்: சுங்கை சிப்புட்டுக்கு என்ன கிடைக்கிறது?

பால்வெட்டு மகன்

வணக்கம். 2025 டிசம்பரில் மலேசியாவின் வேக மின் ரயிலான இ.டி.எஸ். தெற்கு முனையிலுள்ள ஜோகூர் பாரு வரை போய்ச் சேர்ந்த பிறகு, பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் சந்தைப் பக்கம் இரண்டு பேர் நின்றாலே ரயில் பேச்சுதான். வடக்கே தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாரிலிருந்து ஜோகூர் பாரு வரை மேற்குக் கரைப் பாதை முழுவதும் மின்மயமாகிவிட்டது. மகிழ்ச்சியான செய்தி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது, அதை இங்கே வைக்கிறேன்.

நம் ஊர் வழியாக ஓடுவது இரண்டே தண்டவாளப் பாதைகள்: வடக்கே போக ஒன்று, தெற்கே போக ஒன்று. அந்த இரண்டின்மேல்தான் 140 கிலோமீட்டர் வேகத்தில் இ.டி.எஸ். ஓடுகிறது. பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் இடையே ஒவ்வொரு நிலையமாக நின்று போகும் வடக்குக் கொமுட்டரும் அதில்தான் ஓடுகிறது. தாய்லாந்து எல்லையிலிருந்து கொள்கலன் ஏற்றி வரும் சரக்கு வண்டியும் சிமென்ட் வண்டியும் அதே பாதையில்தான். உலக ரயில்வே வட்டாரத்தில் புதுப் பாதை என்றால் 250 கிலோமீட்டர், பழைய பாதையைச் சீர்ப்படுத்தியது என்றால் 200 கிலோமீட்டர் ஓடினால்தான் அதிவேகம் என்பார்கள். அந்த அளவுகோலை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். மீட்டர் பாதையில் (இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்) டீசல் வண்டி ஊர்ந்து போனதைப் பார்த்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 140 அதிவேகம்தான்.

கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் நினைவிருக்கிறதா? 2016 டிசம்பரில் கையெழுத்தாகி, 2021 பிறக்கும்போது கைவிடப்பட்டதே, அது. 350 கிலோமீட்டர் தூரம், தொண்ணூறு நிமிடப் பயணம், முழுக்கத் தனிப்பாதை. அதன் நிலையங்கள் பாங்கி–புத்ராஜெயா, சிரம்பான், மலாக்கா, மூவார், பத்து பஹாட், இஸ்கண்டார் புத்ரி என்று போயின. செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே இருக்கும் ஓர் ஊர்கூட அதில் இல்லை. தனிப்பாதை என்று வந்தால் நம்மைப் போன்ற ஊர்களுக்கு மேலே பாலமும் காதில் இரைச்சலும் மட்டுமே மிஞ்சும். ஆகவே பாதையைப் பகிர்ந்துகொள்வதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். நம் நிலையத்தில் இன்னும் விளக்கு எரிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்தப் பகிர்வுதான்.

நெருக்கடி வரும்போது யார் யாருக்கு வழிவிட வேண்டும்? அந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிக்னல் தாத்தா

தம்பி, பணி ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவன் நான். சிக்னல் வேலையில் இருந்த அறிவில் சொல்கிறேன்.

ஒரு பாதையில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதை முடிவு செய்வது உச்ச வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். வண்டிகளுக்கு இடையே உள்ள வேக வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போடுங்கள். நூறு கிலோமீட்டர் பாதை, நடுவில் எங்கும் ஒதுங்க இடமில்லை. 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சரக்கு வண்டிக்கு அதைக் கடக்க ஏறத்தாழ 86 நிமிடம் ஆகும். 140-ல் போகும் வண்டிக்கு 43 நிமிடம். சரக்கு வண்டி புறப்பட்ட பின் 43 நிமிடத்துக்கும் மேல் காத்திருந்துதான் வேக வண்டியை விட வேண்டும். இல்லாவிட்டால் வழியில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போக வேண்டியதுதான். அந்த 43 நிமிடத்தில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிகளை வரிசையாக எத்தனையோ அனுப்பியிருக்கலாம். இரட்டைப் பாதை போட்டாயிற்று, இனி எத்தனை வண்டி வேண்டுமானாலும் விடலாம் என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

இதற்கு மருந்து ஒதுங்குபாதை. நிலையத்தில் நேர்ப்பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை போட்டு, மெதுவான வண்டியை அதில் ஏற்றி நிறுத்திவிட்டு வேக வண்டியை நேரே விடுவார்கள். சரக்கு வண்டி முழு நீளமும் அந்த ஒதுங்குபாதைக்குள் அடங்க வேண்டும். வால் வெளியே நீண்டிருந்தால் ஒதுங்கியும் பயனில்லை. நிறைய இடங்களில் மின்கம்பிக்கு அடியிலேயே டீசல் இன்ஜின்தான் சரக்கு வண்டியை இழுக்கிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். கனமான வண்டி ஒருமுறை நின்றால் மறுபடி வேகம் பிடிக்க வெகுநேரம் ஆகும். அதனால் அதை நிறுத்தவும் மனம் வராது, விடவும் மனம் வராது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவனுக்கு இதுதான் நாள் முழுவதும் வேலை.

வளைவில் இன்னொரு சங்கடம் உண்டு. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவார்கள். வேக வண்டிக்கு அந்த உயரம் அதிகம் வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பவர் ஒரு பக்கமாகத் தள்ளப்படுவார். ஆனால் அதே உயரத்தில் சிமென்ட் வண்டி மெதுவாகப் போனால் பாரத்தின் பெரும்பங்கு உள்பக்கத் தண்டவாளத்தில் விழுந்து அதைத் தேய்த்துவிடும். ஆகவே இருவருக்கும் பொதுவான ஓர் உயரம் வைக்கிறார்கள், அதில் இருவருக்குமே முழுத் திருப்தி இல்லை. பாடாங் ரெங்காசுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே மலையைக் குடைந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல் புக்கிட் பெராப்பிட் சுரங்கத்தைப் போட்டது எதற்காக? பழைய பாதையின் வளைவுகளில் எந்த வண்டியும் இந்த வேகத்தில் போயிருக்க முடியாது.

யார் முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அன்றாடம் எடுப்பது கட்டுப்பாட்டு அறை. ஆனால் அவர்கள் கையில் இருப்பது கால அட்டவணை. அதைப் போடும்போதே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

லாபிஸ்காரன்

தெற்கிலிருந்து ஒரு குரல். கிம்மாஸ்–ஜோகூர் பாரு 192 கிலோமீட்டரும் அண்மைக்காலம் வரை ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஏதாவது ஒரு நிலையத்தில் நின்று வழிவிட்டுத்தான் போக வேண்டும். செம்பனைக் காட்டுக்கு நடுவே நின்று நின்று போன பயணம் எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பால்வெட்டு அண்ணே, நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. சின்ன ஊர் ஒவ்வொன்றிலும் நிறுத்து என்று கேட்க ஆரம்பித்தால் இ.டி.எஸ். செத்துவிடும். 140-ல் வரும் வண்டி வேகம் குறைத்து, நின்று, ஆளை ஏற்றி, மறுபடி அதே வேகம் பிடிக்க எப்படிப் பார்த்தாலும் மூன்று நிமிடம் போய்விடுகிறது. பத்து ஊர் சேர்ந்தால் அரை மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இப்போதே அதற்கு இரண்டே கால் மணியிலிருந்து இரண்டரை மணி வரை ஆகிறது. சராசரி பார்த்தால் நூறைத் தொடவில்லை. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் காரில் போகிறவன் இதைவிட முன்னாலேயே போய் நிற்பான். இன்னும் மெதுவாக்கினால் மக்கள் எதற்கு ரயில் ஏறுவார்கள்? ஏறாத ரயிலை யார் ஓட்டுவார்கள்? முதலில் ரயில் பிழைக்கட்டும், பிறகு நிறுத்தம் கேட்கலாம்.

ஈப்போ தாதி

தம்பி லாபிஸ், நீங்கள் சொல்லும் அரை மணி நேரம் கோலாலம்பூர் போகிறவருக்குப் பெரிது. எனக்கு 140-ம் வேண்டாம், 160-ம் வேண்டாம். நான் ஈப்போவில் மருத்துவமனை வேலைக்குப் போகிறவள். ஊரிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். காலை முறைக்கு ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், மாலை முறை முடிந்தால் இரவு ஒன்பதரைக்கு மேல் திரும்ப வேண்டும். அந்த இரண்டு நேரத்துக்கும் ஒத்துவரும் வண்டி இல்லையென்றால் மின்கம்பி என் தலைக்கு மேல் போனால் என்ன, கீழே போனால் என்ன? அதனால் மோட்டார் சைக்கிளில் போகிறேன். மழை நாளில் லாரிகளுக்கு நடுவே இருட்டில் போவது எப்படி இருக்கும் என்பதை என் அம்மாவிடம் கேட்க வேண்டும். நான் வீடு திரும்பும்வரை அவர் தூங்குவதில்லை.

வேலியைப் பற்றி யாரும் பேசவில்லை. வண்டி இவ்வளவு வேகத்தில் ஓட வேண்டுமானால் கேட் போட்ட கடவைகள் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் மூடி, மேம்பாலம் கட்டி, இரண்டு பக்கமும் வேலி போட்டார்கள். உயிர் காக்கும் ஏற்பாடுதான், சரி. ஆனால் லயத்து வீட்டுக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கோயிலுக்கும் நடுவே தண்டவாளம் ஓடுகிற இடங்களில் நடந்து போகிற கிழவிக்கு மேம்பாலம் கட்டப்பட்டதா, காருக்குக் கட்டப்பட்டதா? எங்கள் பக்கத்தில் ஐந்து நிமிட நடை இப்போது நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் நடையாகிவிட்டது. அந்தப் பாலத்தில் நடைபாதை இல்லை. வேகத்துக்காக நாங்கள் கொடுத்த விலை இது. அதைக் கொடுத்துவிட்டு, வண்டி மட்டும் நிற்காமல் போகிறது என்றால் மனம் ஆறவில்லை.

நடைமேடை வாசகன்

தாதி அக்கா சொன்னதற்கும் லாபிஸ் நண்பர் சொன்னதற்கும் நடுவே வெளிநாட்டு அனுபவம் சிலவற்றை வைக்கிறேன். இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியது அன்று.

ஜப்பானில் 1964 அக்டோபரில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் தொடங்கியபோது பழைய பாதையிலிருந்து முற்றிலும் பிரித்துப் போட்டார்கள். பழைய பாதை 1,067 மில்லிமீட்டர் அகலம், நம் மீட்டர் பாதையைவிடக் கொஞ்சம்தான் கூட. அதுவும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பிரித்ததால் நேரம் தவறாத ஓட்டமும் பாதுகாப்பும் கிடைத்தன. ஆனால் அதே ஜப்பான் 1992-ல் யமகாத்தாவுக்கு என்ன செய்தது தெரியுமா? மலைநாட்டுச் சிற்றூர்களுக்குத் தனிப்பாதை போடக் கட்டுப்படியாகாது என்று, இருக்கிற பாதையையே அகலப்படுத்தி, ஷின்கான்சென்னையும் உள்ளூர் வண்டியையும் ஒன்றாக ஓட்டியது. அங்கே அதன் வேகம் 130-தான். நம் இ.டி.எஸ்.ஸைவிடக் குறைவு! கடவைகள்கூட அப்படியே இருக்கின்றன. ஆனாலும் யமகாத்தாக்காரர் தோக்கியோவுக்கு வண்டி மாறாமல் போகிறார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜப்பானின் சைக்கான் சுரங்கம். கடலுக்கு அடியில் போகும் 53.85 கிலோமீட்டர் சுரங்கம் அது. 2016-ல் வடதீவுக்குப் போகும் ஹொக்கைடோ ஷின்கான்சென் அதற்குள் நுழைந்தபோது, ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்த சரக்கு வண்டிகளும் தொடர்ந்தன. மூன்று தண்டவாளம் போட்டு இரண்டு அகலத்துக்கும் ஒரே பாதை. எதிரெதிரே போகும்போது ஷின்கான்சென்னின் காற்றழுத்தம் சரக்கு வண்டியைப் பாதிக்கும் என்ற அச்சத்தில் வேக வண்டியின் வேகத்தை 140-க்குக் கட்டினார்கள், 2019-ல் 160 ஆக்கினார்கள். 260-ல் ஓடக்கூடிய வண்டி அது! வடதீவின் விளைச்சலை ஏற்றி வரும் சரக்கு வண்டிக்காக நாட்டின் பெருமையான ரயிலே மெதுவாகப் போயிற்று. பகிர்வு என்றால் விட்டுக்கொடுப்பது எப்போதும் எளியவராகவே இருக்க வேண்டும் என்று விதி இல்லை என்பதற்கு இது சான்று.

இங்கிலாந்தின் கெண்ட் வட்டாரம் நமக்கு இன்னும் நெருக்கம். லண்டனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் அதிவேகப் பாதையில் 2009-லிருந்து வட்டார ரயில்களையும் விட்டார்கள். 225 கிலோமீட்டர் வேகத்தில் ஆஷ்ஃபர்டு வரை போய், அங்கிருந்து சாதாரணப் பாதையில் இறங்கி டோவர், கேன்டர்பரி போன்ற ஊர்களில் நின்று போகின்றன. வேகம் கிடைக்கும் இடத்தில் வேகம், ஊர் இருக்கும் இடத்தில் நிறுத்தம்.

மீட்டர் பாதையில் இதெல்லாம் முடியாது என்று யாராவது சொன்னால், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைக் காட்டுங்கள். அங்கேயும் 1,067 மில்லிமீட்டர்தான். வளைவில் சாய்ந்து ஓடும் வண்டி 1998-லிருந்து 160-ல் ஓடியது. 1999-ல் சோதனையில் 210-ஐத் தொட்டது. கரும்பு நிலங்கள் வழியாகப் போகும் பாதை, சரக்கு வண்டிகளோடு சேர்ந்து.

தஞ்சோங் மாலிம் மாணவி

டிக்கெட்டையும் கணக்கில் சேருங்கள் அண்ணா. இ.டி.எஸ்.ஸில் இருக்கை எண்ணோடு முன்பதிவு செய்ய வேண்டும். தீபாவளிக்கு முன்னும் தைப்பூசத்துக்கு முன்னும் தேடிப் பாருங்கள், ஓர் இடம் கிடைக்காது. நெடுந்தூரப் பயணிகள் முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். இடையில் ஏறி இடையில் இறங்கும் என்னைப் போன்றவர்களுக்கு மிச்சம் மீதிதான். கொமுட்டரில் அந்தத் தொல்லை இல்லை, நின்றுகொண்டாவது போய்விடலாம். அதனால் எனக்கு வண்டியின் வேகத்தைவிட, ஈப்போவில் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற முடிவதுதான் முக்கியம். இப்போது ஒன்று போய் வெகுநேரம் கழித்துத்தான் அடுத்தது வருகிறது. அந்த இடைவெளியில் அப்பா காரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கே வந்துவிடுகிறார்.

பால்வெட்டு மகன்

தங்கச்சி சொன்ன இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. லாபிஸ் நண்பரே, எல்லா இ.டி.எஸ்.ஸும் எல்லா ஊரிலும் நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மூன்று நிமிடக் கணக்கு நியாயமானது. என் கேள்வி வேறு. வேக வண்டி நம்மைப் போன்ற ஊர்களில் நிற்காமல் போவதால் அரை மணி நேரம் மிச்சமாகிறது என்றால், அந்த மிச்சத்தில் ஒரு பங்கை நமக்குத் திருப்பித் தர வேண்டும். எப்படித் தருவது? ஈப்போவில் வேக வண்டி வந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் கொமுட்டர் வடக்கே புறப்பட வேண்டும். காலையில் கொமுட்டர் ஈப்போவை அடைந்ததும் தெற்கே போகும் வேக வண்டி காத்திருக்க வேண்டும். சின்ன ஊர்களைச் சேகரித்துக் கொண்டுவந்து பெரிய வண்டியிடம் சேர்க்கும் வேலை கொமுட்டருக்கு. அப்படிச் செய்தால் வேக வண்டியிலும் ஆள் நிறையும். நீங்கள் அஞ்சுகிற காலி ரயில் ஆகாது.

இப்போது என்ன நடக்கிறது? வேக வண்டியின் நேரத்தை முதலில் எழுதுகிறார்கள். பிறகு சரக்கு. இரண்டுக்கும் இடையில் எஞ்சிய ஓட்டைகளில் கொமுட்டரைச் செருகுகிறார்கள். அட்டவணையைப் பார்த்தாலே அது தெரிகிறது. இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறவருக்கும் பள்ளிக்குப் போகிறவருக்கும் ஒத்துவராத நேரங்களில் கொமுட்டர் ஓடுவதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஈப்போ–பாடாங் பெசார் 329 கிலோமீட்டர் பாதைக்கு ஏறத்தாழ 1,250 கோடி ரிங்கிட் பொதுப் பணம் போயிருக்கிறது. அதில் தோட்டத் தொழிலாளியின் வரியும் இருக்கிறது. கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு முன்னால் ஓடும் சாலைக்கு, மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பெயர். அவர் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். அந்தச் சாலையிலிருந்து ஏறுகிறவர் அவர் ஊரில் இறங்க வசதி இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. இதையெல்லாம் ரயில் அதிகாரிகளுக்குக் கடிதமாக எழுதலாம் என்றிருக்கிறேன்.

சிக்னல் தாத்தா

கோரிக்கை சரியானது. ஆனால் அதிகாரிகள் எப்படி மறுப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

சரக்கை இரவுக்குத் தள்ளலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். இரவு சில மணி நேரம் பாதையை மூடித்தான் சரளைக்கல் சீர்செய்ய வேண்டும், கம்பி பார்க்க வேண்டும், தேய்ந்த தண்டவாளம் மாற்ற வேண்டும். வேகம் கூடக் கூட இந்தப் பராமரிப்பு நுணுக்கமாகும். ஜெர்மனியின் ஹனோவர்–வூர்ஸ்பர்க் பாதையில் வேக வண்டி பகலில், சரக்கு இரவில் என்று பிரித்து ஓட்டுகிறார்கள். அங்கேயும் இரவுப் பராமரிப்புக்கு நேரம் ஒதுக்குவது பெரிய தலைவலி. ஆகவே சரக்கை முழுவதும் இரவுக்குத் தள்ளுங்கள் என்று எழுதாதீர்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும், மாலை ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் ஈப்போ–கோல கங்சார் இடையே சரக்கு வண்டி நுழைய வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள். அந்த நேரத்தில் சரக்கு வண்டியை முன்கூட்டியே ஒதுங்குபாதையில் நிறுத்திவைக்கலாம். கொமுட்டரும் வேக வண்டியும் மட்டும் ஓடினால் வேக வித்தியாசமும் குறையும், நான் சொன்ன 43 நிமிட இடைவெளியும் சுருங்கும்.

இணைப்பு வண்டி காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், ஒன்று தாமதமானால் எல்லாம் தாமதமாகும் என்பார்கள். அது உண்மை. வடக்கே பாடாங் பெசாரில் தாமதமானது கோலாலம்பூர் வரை போகும். தலைநகருக்குச் சற்று வடக்கே இருக்கும் ரவாங்கைத் தாண்டினால் தலைநகரக் கொமுட்டர்களின் நெரிசலில் அது இன்னும் கூடும். அதனால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஓர் எல்லை வையுங்கள். ஐந்து நிமிடம் என்று எழுதினால் ஏற்பதற்கு வாய்ப்பு உண்டு. எல்லையில்லாமல் கேட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூனில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு தண்டவாளம் பதித்ததும் சிலிப்பர் கட்டை சுமந்ததும் பெரும்பாலும் தமிழர்கள். நிலைய அதிபர் நாற்காலியில் யாழ்ப்பாணத்தார் உட்கார்ந்திருந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். யாரிடமும் கெஞ்சுகிற தொனியில் எழுத வேண்டாம். வேலை தெரிந்தவர்களின் பிள்ளைகள் எழுதும் கடிதமாக இருக்கட்டும்.

லாபிஸ்காரன்

இணைப்பு வண்டி யோசனையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் என் கவலை அப்படியே இருக்கிறது. ஜோகூர் பக்கம் உங்களுக்கு இருப்பது போன்ற கொமுட்டர் இல்லை. லாபிஸ், பெக்கோக், பாலோ எல்லாம் இ.டி.எஸ். நின்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆக உங்கள் வழி எங்களுக்குப் பொருந்த வேண்டுமானால் முதலில் எங்களுக்கும் ஓர் உள்ளூர் வண்டி வேண்டும். அதுவரை வேக வண்டிகள் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கட்டும்: ஒரு வண்டி லாபிஸில் நின்றால் அடுத்தது பாலோவில். எந்த வண்டிக்கும் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் இழப்பு இல்லை, எந்த ஊரும் முற்றிலும் விடுபடவும் இல்லை. இதற்கு உங்கள் ஆதரவு உண்டா?

பால்வெட்டு மகன்

உண்டு. கடிதத்தில் இரண்டாம் பத்தியாகச் சேர்க்கிறேன். வடக்குக்கு இணைப்பு, தெற்குக்குப் பங்கீட்டு நிறுத்தம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால் பேராக்குக்கும் ஜோகூருக்கும் சண்டை மூட்டி ஒதுக்கிவிட முடியாது.

ஈப்போ தாதி

நடைபாதையையும் எழுதுங்கள் அண்ணே. தண்டவாளத்தைக் கடக்கும் ஒவ்வொரு மேம்பாலத்திலும் நடப்பவருக்கு ஓர் ஓரம், கைப்பிடி, விளக்கு. நிலையத்துப் பாலத்தை ரயில் ஏறாதவர்களும் கடந்து போகப் பயன்படுத்த அனுமதி. இதற்கு அட்டவணை மாற வேண்டியதில்லை, எந்த வண்டியும் தாமதமாகாது.

மருத்துவமனையில் முறை வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்களிடம் வந்து போகும் நேரங்களைக் கேட்டு எழுதி வாங்குகிறேன். தங்கச்சி, நீ மாணவர்களிடம் கேட்டு வாங்கு. சிக்னல் தாத்தா, அந்த நேரங்களை அட்டவணையோடு வைத்துப் பார்த்து எந்தக் கொமுட்டரை எத்தனை நிமிடம் நகர்த்தினால் போதும் என்று நீங்கள் குறித்துத் தர வேண்டும்.

சிக்னல் தாத்தா

அனுப்பு அம்மா. வார நாளையும் சனி ஞாயிறையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பு. இரவு முறை முடிந்து வருகிறவர்களை மறந்துவிடாதே.